அஞ்சாங்கல் ஆடிய கை

என் அலமாரியில் ஒரு தகரப் பெட்டிக்குள் ஐந்து கூழாங்கற்கள் கிடக்கின்றன. நல்லதண்ணி ஆற்றில் நான் பொறுக்கியவை. பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். எனக்கோ பெட்டியைத் திறந்தாலே ஆத்திரம் வரும். போன வாரம் தம்பி மகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். விளையாட்டின் வழியாக நோயாளிகளைத் தேற்றும் படிப்பில் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாளாம். நம் ஊர் விளையாட்டு ஏதாவது சொல்லும்படி கேட்டாள். அப்படி ஒரு படிப்பு உண்டென்பது எனக்குப் புதிதல்ல. அதைப் படித்த ஒருத்தியை அறுபதுகளின் தொடக்கத்திலேயே பார்த்தவள் நான்.

அப்போது இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரையின் அக்காள் மகள் அமெரிக்காவில் இந்தப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்தாள். சில மாதம் நோயாளிகளோடு பழகிவிட்டு வந்தால்தான் பட்டம் தருவார்களாம். மாமன் தோட்டம் இருக்க வேறெங்கே போவாள்? தடித்த புத்தகமும் ரப்பர் பந்துமாக வந்து இறங்கினாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் விளையாட்டு மிஸ்ஸி என்று பேர் வைத்தார்கள். எனக்குக் கான்வென்ட் ஆங்கிலம் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். பந்தை யாரும் தொடவில்லை என்றதும், நீங்கள் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருந்தது. பெண்கள் வார்டில் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை, படுத்திருந்தாள். மழைநாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டை அவிழ்த்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. அந்தக் கை தேறும்வரை ஓய்வு வேண்டும். கை போனால் வேலை போகும், வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். "நாங்க அஞ்சாங்கல்லு ஆடுவோங்க மிஸ்ஸி" என்று சொன்னவள் சின்னம்மாதான். நான் கல் கொண்டுவந்து கொடுத்தேன்.

முதலில் ஒரு கல்லைக்கூடப் பிடிக்க வரவில்லை. போகப் போக ஒன்று, பிறகு இரண்டு. மற்றக் கட்டில்காரிகளும் சுற்றி உட்கார்ந்து கேலி பேசினார்கள். டெட்டால் நாற்றம் மட்டுமே இருந்த வார்டில் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மிஸ்ஸி அதோடு விட்டிருக்கலாம். தன் படிப்பின் பலனை மாமன் பார்க்க வேண்டுமாம். துரையையும் டாக்டரையாவையும் அழைத்துவந்து கட்டிலருகே நிறுத்தினாள். சின்னம்மா ஒரு கல்லை மேலே வீசி, நாலையும் வாரி, வீசியதையும் பிடித்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள். துரை கைதட்டினார். பிறகு தமக்குத் தெரிந்த தோட்டத் தமிழில், "நல்லா வெளையாடுது. நாளைக்கி வேலைக்கி வரச் சொல்லு" என்றார். டாக்டரையா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கக்கூட அந்த மனிதனுக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கல் ஆடுவதும் நாளெல்லாம் கொழுந்து எடுப்பதும் ஒன்றல்ல என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். மிஸ்ஸியின் காதில் ஏறவில்லை. தன் நோயாளி குணமாகி வேலைக்குத் திரும்புகிற பூரிப்பில் சின்னம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரிக்கும் இடத்தில், சின்னம்மா நின்றாள். அந்த வாரமே மணிக்கட்டு வீங்கியது. "கல்லு வெளையாண்ட கைக்குக் கொழுந்து எடுக்க மட்டும் வலிக்குதோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான் கங்காணி. கேட்டுவிட்டு இளித்தான். அந்தக் கை பிறகு தேறவேயில்லை. வேலைப் பதிவில் பேரை வெட்டினார்கள், காம்பராவையும் பிடுங்கினார்கள். பூண்டுலோயாவில் மகன் வீட்டு மூலையில், வலது கையை முந்தானைக்குள் மறைத்தபடியே காலத்தைக் கழித்தாள்.

வார்டில் அதன்பின் ஒருத்தியும் விளையாடவில்லை. மிஸ்ஸி கல்லோடு வந்தால் போர்வையை முகம்வரை இழுத்துக்கொள்வார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று முடிவு கட்டிவிட்டுக் கப்பல் ஏறினாள். கற்கள் சன்னலோரம் கிடந்தன. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் பட்டம் வாங்கியிருப்பாள். தூ.

இதையெல்லாம் தம்பி மகளிடம் சொன்னேன்.

"வெளையாடுறப்பவாவது அவங்க சந்தோஷமா இருந்தாங்களா அத்தை?"

மடியில் பெட்டி திறந்தே இருந்தது.

"இருந்தாங்க. வாய்விட்டுச் சிரிச்சாங்க. அதத்தான் தொரை பாத்துட்டாரு. நீ யாரையாச்சும் வெளையாட வச்சா, மொதல்ல கதவச் சாத்திக்க பாப்பா."