இரண்டு கையெழுத்து போட்ட ஏட்டையா

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் சண்முகையா அண்ணாச்சியும் நானும் குளித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான் அவர் குற்றவாளி ஆனார்.

அண்ணாச்சி ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. வீடு தென்காசியில். ரிட்டையர் ஆனவர்கள் வாக்கிங் போவார்கள், கோயில் கமிட்டியில் சேருவார்கள். இவர் பிளாக்செயின் நோடு நடத்துகிறார்.

அதென்ன நோடு? பிளாக்செயின் என்பது பல ஊர்க் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எழுதும் பொதுக்கணக்கு. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு நோடு.

முதலில் செல்போனில் லைட் நோடு வைத்தார். அது சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மற்றவர்களிடம் கேட்கும். "அடுத்தவன்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்குதது என்ன பிழைப்பு வே?" என்று ஃபுல் நோடுக்குப் போனார். அது எல்லாவற்றையும் தானே சரிபார்க்கும். பிறகு ஆர்க்கைவ் நோடு — ஆதியிலிருந்து உள்ள பழசையெல்லாம் சேர்த்து வைப்பது. ஹார்ட் டிஸ்க் வாங்கி மாளவில்லை.

"சேலை வைக்க இடமில்ல, இவிய ஊரான் கணக்கை அடுக்குதாவ" என்றார் அண்ணாச்சி வீட்டு மதினி.

கடைசியில் வேலிடேட்டர். பணத்தைப் பிணையாகக் கட்டிவிட்டு, வருகிற கணக்குக்கெல்லாம் 'சரி' என்று கையெழுத்துப் போடுகிற பதவி; அதற்குக் கொஞ்சம் கூலியும் உண்டு. ரிட்டையர்மென்ட் பணத்தில் பெரும்பகுதியைக் கட்டினார். கம்ப்யூட்டர் அணைந்தால் சின்ன அபராதம் உண்டு. சாரல் காலத்தில் தென்காசியில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும்... யாருக்குத் தெரியும்?

குற்றாலத்தில் அவர் மச்சினனின் லாட்ஜில் ஜெனரேட்டர் இருக்கிறது. அங்கே இன்னொரு கம்ப்யூட்டரை, கையெழுத்துப் போடும் அதே ரகசியச் சாவியோடு, அதே பெயரில் தயாராக வைத்தார்.

ஞாயிறு காலை நாங்கள் லாட்ஜில் இருந்தபோது மதினி போன் செய்தார். வீட்டில் கரண்ட் இல்லை. அண்ணாச்சி உடனே குற்றாலத்துக் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். நிம்மதியாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு, போனைக் காரில் வைத்துவிட்டு அருவிக்குப் போனோம்.

நாங்கள் நனைந்துகொண்டிருந்தபோது தென்காசியில் கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக எழுந்து வேலையைத் தொடங்கியது. ஒரே ஆள், ஒரே நேரம், இரண்டு இடத்தில் கையெழுத்து. நெட்வொர்க்கின் கண்ணில் அதற்கு ஒரே பெயர்தான்... மோசடி.

தலை துவட்டிக்கொண்டே போனைப் பார்த்தார் அண்ணாச்சி. பிணையில் ஒரு பங்கு பறிமுதல். பதவி காலி.

"யார்கிட்ட வே மனு கொடுக்கணும்?"

"யாரும் கிடையாது அண்ணாச்சி."

"மேலதிகாரி?"

"மேலதிகாரியே இல்லாததுதான் இதுல விசேஷம்னு நீங்கதானே சொன்னீய?"

ஈரத் துண்டைப் பிழிந்தார். "விசாரணைன்னு ஒண்ணு வேண்டாமா? நான் களவாங்கலைன்னு சொல்லவாவது..." சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காத மனிதர். அதுவரை கேலி செய்துகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வரவில்லை.

மனிதர்கள் ஏமாற்றுவார்கள் என்றுதான் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தார்கள். சரிதான். ஆனால் 'அட, பாவம்' என்று சொல்ல அங்கே ஓர் ஆளை உட்கார வைக்க மறந்துவிட்டார்களே?

வீட்டுக்கு வந்து சொன்னோம். மதினி சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டே கேட்டார்.

"மிச்சம் திரும்பி வருமா?"

"வரும். கொஞ்ச நாள் ஆகும்."

"வரட்டும். இனி அது என் பேருல கெடக்கட்டும்" என்று சோற்றைப் போட்டார். அண்ணாச்சி குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டார்.

எனக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. இருப்பது ஒரே கையெழுத்து... அதையே பாங்க்கில் என்னுடையது இல்லை என்கிறார்கள்.