வேகத்தடைக்குப் பதிலாகப் பவுனு

என் வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் தடம் பழுப்பாகப் பதிந்திருக்கிறது. தீய்த்தது பவுனு. சட்டை தீய்ந்த சேதி காதில் விழுந்ததும், நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்றுதான் போனேன். கேட்காமல் திரும்பினேன்.

பவுனின் இஸ்திரி வண்டி பூங்காவுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம், புங்கமரத்தடியில் நிற்கும். கம்பம் பள்ளத்தாக்கின் சின்ன நகரங்களில் ஒன்று எங்களுடையது. ஊரில் பாதிப் பேர் கசங்காமல் வெளியே போவது அவள் புண்ணியத்தில். புருஷன் சுருளிராஜன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். போன வருஷம் வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தினமும் சமதரையில் நடக்கவிட்டால் கால் திரும்பும் என்றார் டாக்டர். எங்கள் ஊரில் குண்டும் குழியும் இல்லாத தரை பூங்காவுக்குள் மட்டும்தான் உண்டு.

தெருக்களைப் பாதுகாப்பாக்கப் போகிறோம், பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று நகராட்சியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். ஆளாளுக்கு நீரூற்று வேண்டும், செல்ஃபி எடுக்க இடம் வேண்டும் என்றார்கள். பவுனு கேட்டது ஒன்றுதான். "பூங்கா வாசலுக்கு முன்னாடி ஒரு வேகத்தடை போடுங்க சார். ஜீப்பு பறக்குது." எல்லோரும் கைதட்டினோம். கைதட்டக் காசா, பணமா!

நீரூற்று வந்தது. செல்ஃபிக்கு இதய வடிவில் ஒரு வளைவும் வந்தது. வேகத்தடை மட்டும் வரவில்லை. பவுனு மறுபடி மறுபடி ஆபீசுக்கு நடந்தாள். கடைசியில் ஒருவர் காரணத்தைச் சொன்னார். "விபத்து நடந்த இடத்துக்குத்தாம்மா மொதல்ல போடுவோம். உங்க பூங்கா முன்னாடி ஒரு கேசும் இல்லையே."

ஏன் இல்லை? சாயங்காலம் மலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டக் கூலியாட்களோடு ஜீப்புகள் இறங்குகிற நேரத்தில்தான் சனங்கள் பூங்காவுக்கு நடக்கப் போவார்கள். ஓரத்தில் யாராவது தயங்கி நின்றால் போதும், பவுனு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நடுச்சாலைக்குப் போய்க் கையை நீட்டுவாள். ஓட்டுகிறவன் ஏசுவான். பசியோடு வீட்டுக்குப் போகிற பெண்களும் உள்ளேயிருந்து ஏசுவார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்கள் ஊருக்குப் பவுனு.

"நான் நிக்கிறதால விபத்து இல்ல. விபத்து இல்லாததால தடை இல்ல. எனக்குச் சலிச்சுப்போச்சுண்ணே. இனி நிக்க மாட்டேன்" என்றாள் என்னிடம். சரிதான் என்றேன்.

சொன்னபடியே செய்தாள். நேற்றுச் சாயங்காலம் புருஷனை மட்டும் கூட்டிப்போய்ப் பூங்கா பெஞ்சில் உட்காரவைத்தாள். திரும்பி வந்து, சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் சட்டையைத் தேய்த்தாள். பின்னால் ஹாரன் அடித்தது, யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

சுருளிராஜனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளை எதற்கு அலையவைப்பது என்று நினைத்தாரோ என்னவோ, தானே எழுந்து காலை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கிவிட்டார். பிரேக் கிறீச்சிட்ட சத்தத்தில்தான் பவுனு திரும்பினாள். பெட்டியைச் சட்டைமேல் போட்டது போட்டபடி ஓடினாள்.

ஜீப் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நேற்றும் ஒரு கேசும் இல்லை.

இன்று நான் போனபோது வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சட்டையைக் காட்டி, "தீஞ்சிருச்சுண்ணே" என்றாள். பரவாயில்லை என்றேன். சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நேத்து அவரு போய்ச் சேந்திருந்தா, இந்நேரம் தடை போட்டிருப்பாக. இல்லண்ணே?"

சட்டையை நானே மடித்தேன். எதிர்ப்பக்கம் கைக்குழந்தையோடு ஒருத்தி சாலையைக் கடக்க நின்றாள். பவுனு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடுச்சாலைக்குப் போனாள்.