நான் வாங்கிக் கொடுத்த இரும்பு ஸ்டாண்டு

ஓவியக் கல்லூரி முடித்து விருதுநகர் திரும்பிய என் தங்கை மகள் நஸ்ரின், வரைய ஆளும் இடமும் கிடைக்காமல் சோர்ந்திருந்தாள். தாயில்பட்டி பட்டாசு ஆலையில் தெரிந்த ஃபோர்மேனிடம் பேசி, பெண்கள் லேபிள் ஒட்டும் கூடத்தில் அமர்ந்து வரைய அனுமதி வாங்கினேன். அவளைப் பருத்தி உடை உடுத்தச் சொன்னேன். வாசலில் செல்போன்களைக் கொடுத்தோம். எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

வெடிமருந்து நிரப்பும் அறையைக் கடக்கும்போது பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டது. நான் பரிசளித்த ஓவிய ஸ்டாண்டைப் பையிலிருந்து எடுத்து, கனம் தாங்காமல் சிமென்ட் தரையில் இழுத்து வந்தாள் நஸ்ரின். அதன் கால்கள் இரும்பு.

“இழுக்காதீக! அங்கனயே நில்லுங்க!” என்று அலறினார் ஃபோர்மேன். “ஒரு பொறி விழுந்தா அம்புட்டுத்தேன்!”

மாரியம்மாள் என்ற தொழிலாளி ஓடிவந்து ஸ்டாண்டைத் தூக்கி வெளியே வைத்தார். “எங்கள வரைய வந்தீகளா, எங்க படத்துக்கு மாலை போட வந்தீகளா?” என்றார். ஸ்டாண்டை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று சொல்லி இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது நஸ்ரினின் கல்லூரித் தோழிகளையும் அழைத்துப் போகிறேன். முந்தின நாளே அவர்கள் பைகளைக் கொட்டி, ஒவ்வொரு பொருளையும் ஃபோர்மேனிடம் போனில் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். மடியில் அட்டை வைத்துத்தான் வரைகிறார்கள். நஸ்ரின் முதலில் வரைந்தது மாரியம்மாளை. அந்தப் படம் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்குப் பூ மட்டும் யாரையும் வைக்க விடுவதில்லையாம் அவர்.

– ஆயிஷா, விருதுநகர்