பளிங்குக்குப் போன பால்

நோர்வேக்காரர் தங்கள் சாப்பாட்டில் பெயர் ஒட்டி வைப்பார்கள். ஆய்வுகூடத்துச் சாப்பாட்டறைக் குளிர்பெட்டியைத் திறந்தால் ரொட்டியில் பூசும் மீன்பசைக் குழாயில் ஒரு பெயர், பழுப்புப் பாற்கட்டியில் இன்னொரு பெயர். ஊருக்குள் கடல் வந்த அந்த மார்கழியில் அவற்றின் நடுவே என் பெயரோடும் ஒரு சின்னப் போத்தல் நின்றது. உள்ளே என் பால். மகள் குடித்து மிஞ்சியது. யாரும் முகம் சுழிக்கவில்லை. பாற்கட்டி எடுக்க வருகிறவர்கள் போத்தலை மெல்ல நகர்த்தி, மறுபடி இருந்த இடத்திலேயே வைப்பார்கள். ஊரில் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கும் பாலுக்கு இங்கே வெளிச்சத்தில் ஒரு தட்டு.

அந்தப் பாலைக் கேட்டவர் என் பேராசிரியை சூல்வாய். "உன்னிடம் கொஞ்சம் பால் மிஞ்சுமா?" என்றார். கோப்பிக்குத்தான் கேட்கிறாராக்கும் என்று கீழே கடைக்கு இறங்கி ஒரு லீற்றர் பசுப்பால் வாங்கிவந்து மேசையில் வைத்தேன். அவர் பாலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காதுவரை சிவந்தார். "இது இல்லை. ஆய்வுக்கு."

எங்கள் ஆய்வு தாய்ப்பாலில் உள்ள லக்ரோபெரின் என்ற புரதம் பற்றியது. பிள்ளையின் வயிற்றில் கிருமிகளுக்குப் போகிற இரும்பை எட்டிப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. அதன் உருவத்தை அறிய அதைப் பளிங்காக, கற்கண்டுபோல ஒரு படிகமாக, வளர்க்க வேண்டும். பளிங்கினூடாக எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, சிதறி விழும் புள்ளிகளிலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறதென்று கணக்கிட வேண்டும். பாலின் கொழுப்பை நீக்கி, திரள வைத்து, தெளிந்த நீரைப் பிசின்மணி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இறக்கினால் எல்லாம் ஓடிப்போகும். இந்தப் புரதம் மட்டும் போகமாட்டேனென்று குழாயில் ஒட்டி நிற்கும், விடியற்கால வாவியோரத்தின் இளஞ்சிவப்பில் ஒரு வளையமாக. ஊரில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இதை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. என் உடம்புக்குள் இப்படியொரு நிறம் இருக்குமென்று யார் நினைத்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் ஊருக்குள் கடல் வந்தது. கல்லடிக் கரையிலிருந்த அக்காவின் வீடு போயிற்று. அக்காவும் அத்தானும் பிறந்து மாதம் திரும்பாத மகனோடு ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். தொலைபேசி கிடைத்த அன்று அக்கா கடலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

"பால் இல்லடி புள்ள. பயத்தில வத்திப்போச்சி. சப்பிப்போட்டுக் கத்துறான். பால்மா கரைக்கிறதெண்டாலும் கிணறெல்லாம் உப்பு."

அவன் கத்துவது எனக்கும் கேட்டது. பால் சுரந்து என் சட்டை நனைந்தது. உடம்புக்குத் தூரம் தெரியாது. ஆய்வுகூடத்து உறைபெட்டியில் போத்தல் போத்தலாக என் பால் கிடக்கிறது. அங்கே அக்காவின் மகன் பசியில் கிடக்கிறான். இனிப் பால் தரமாட்டேன் என்று சூல்வாயிடம் சொன்னேன். தராவிட்டால் மட்டும் அவனுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமா? பிழிந்து பிழிந்து கழுவுதொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த அழைப்பில் அக்கா சிரித்தாள். காத்தான்குடியிலிருந்து சோற்றுப் பார்சல் கொண்டுவந்தவர்களோடு, தன் பெண்குழந்தையை இடுப்பில் வைத்தபடி பரீதா என்றொருத்தி வந்தாளாம். கத்திக்கொண்டிருந்தவனை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி இருந்துவிட்டாளாம். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். அவளே தொலைபேசியை வாங்கினாள்.

"தங்கச்சி, ஒங்கட மகன் நல்லாக் குடிக்கான். ஆனா ஒண்டு. எங்கட மார்க்கத்தில ஒரு மார்ல குடிச்ச ரெண்டும் கலியாணம் முடிக்கேலா. மறுகா என்ட மகளப் பொண்ணுக் கேட்டு வந்து நிக்காதீங்க."

"முதல்ல அவன்ட தலை நிமிரட்டும்," என்றாள் பின்னாலிருந்து அக்கா.

அடுத்த நாள் சூல்வாயிடம் மறுபடி போத்தலை நீட்டினேன். அவர் அதில் திகதியை எழுதி உறைபெட்டியில் வைத்தார்.

பளிங்கு வளர அசைவு கூடாது. குளிரறையில் துளிதுளியாக வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்துவோம். வருடக்கணக்கில் பளிங்குக்குப் பதில் சேறுபோன்ற படிவுதான் வந்தது. ஊரிலோ எல்லாம் அசைந்தது. அக்கா தன்னாமுனைக்கு மாறினாள். யுத்தம் மறுபடி மூண்டு பாதையை மறித்ததில் பரீதா வர முடியாத நாட்கள் இருந்தன. வந்த நாட்களில் அவன் அவளை, அவள் மகள் தாயை அழைப்பதுபோல 'உம்மா' என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அக்காவுக்கு அதில் குறையில்லை. எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது.

யுத்தம் முடிந்ததென்று தொலைக்காட்சி சொன்ன கிழமையில்தான் கணினித் திரையில் உருவம் எழுந்தது. பளிங்கு உப்புக்கல்லிலும் சிறியது. இரும்பைக் கழற்றிவிட்டிருந்ததால் நிறமில்லை. புரதத்துக்கு இரண்டு கைகள். ஒன்று திறந்திருந்தது. மற்றது இறுக மூடியிருந்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். எங்களுக்கு முன்பே பிறர் கண்ட நிலைதான். எங்கள் படம் கொஞ்சம் கூர்மை, அவ்வளவே. நான் அந்த மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கவலைப்படாதே, இது நல்ல முடிவு," என்று சூல்வாய் தோளில் தட்டினார். ஆய்வையா யுத்தத்தையா, எதைச் சொல்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

அந்த ஆவணியில் ஊருக்குப் போனபோது படத்தையும் கொண்டுபோனேன். பரீதாவும் மகளோடு வந்திருந்தாள். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "என்ட பால் ஆம்புளப்புள்ளயா எழும்பி ஓடுது. ஒங்கடது கல்லாப் போச்சே தங்கச்சி."

அக்கா அவள் முதுகில் அடித்தாள். நானும் சிரித்தேன். கண் நிறையும்வரை சிரித்தேன். அக்காவின் மகன் படத்தில் விரல் வைத்தான்.

"மூடின கைக்குள்ள என்ன சின்னம்மா?"

"ஒண்டுமில்ல மனே."

"பொய். ஒண்டுமில்லாட்டி ஏன் மூடி வெச்சிருக்கு?"

புறப்படும் நாளில் வான் வண்டி நகரப்போகும்போது அவன் ஓடிவந்தான். பொத்திய கையை என் வலது உள்ளங்கையில் வைத்துத் திறந்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தான். "ப்ளேனுக்குள்ள போய்த்தான் திறக்கணும்." பாரமில்லை. அவன் கைச்சூடு மட்டும் இருந்தது. மற்றக் கையை வெளியே நீட்டி, அக்காவும் பரீதாவும் மறையும்வரை அசைத்தேன்.

ஏறாவூர் தாண்டியது. விமானம் ஏறியது, இறங்கியது. நோர்வே அதிகாரியிடம் கடவுச்சீட்டை இடது கையால் நீட்டினேன்.