ஒன்றரை அங்குலம் கூடிய கால்

என் அண்ணன் தேவ்கரண் ஆறடி உயரம். நான் ஐந்தடி இரண்டு அங்குலம். இரண்டு காலும் இருந்த நாளிலும் அதுதான் அளவு. ஊரில் யாராவது என்னைத் தேடி வந்தால், "தேவ்கரணுக்குப் பக்கத்துல பாரு, நிழல்ல நிப்பாரு" என்று வழி சொல்வார்கள்.

முந்தின வருடம் ஆவணியில் நாகௌரிலிருந்து இருவரும் பைக்கில் திரும்பும்போது பஸ் மோதியது. அண்ணன் அங்கேயே போய்விட்டார். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டுபோனபோது நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்கத்தில் கிடந்தேன். முக்கியமான எல்லாவற்றுக்கும் தாமதமாக வருவது என் வழக்கம். அன்று வரவே இல்லை.

அக்கா சுகனியின் இரண்டாவது மகள் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போய், இந்தத் தையில் நிச்சயமானது. எங்களில் சகோதரி வீட்டுக் கல்யாணத்துக்கு மாய்ரா என்கிற தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். அக்கா வாசலில் மணைப்பலகை மேல் நிற்பாள். அவள் தலையில் சுன்ரியை, அந்தச் சிவப்புச் சுங்குடித் துணியை, உடன்பிறந்தவன் இரண்டு கையாலும் போர்த்த வேண்டும். மூத்தவள் கல்யாணத்தில் அண்ணன் போர்த்தினார். இப்போது மீதி நான்தான். என் இரண்டு கையும் கக்கத்துக் கட்டைகளைப் பிடித்திருந்தன. ஒரு கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஒற்றைக் கையால் வீட்டுத் தூணுக்குப் போர்த்தி ஒத்திகை பார்த்தேன். துணி தூணின் மேல் விழுந்தது, நான் துணியின் மேல் விழுந்தேன்.

அதனால் ஜெய்ப்பூருக்கு ரயில் ஏறினேன். கால் செய்கிற இடத்தில் அளவெடுப்பவர் இக்ராம் மிஸ்திரி. அவருக்கும் வலது கால் சொந்தக் கால் இல்லை, தானே செய்து மாட்டிக்கொண்டது. படியில் இறங்கும்போது என்னை முந்திக்கொண்டு இறங்கினார். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்ததும் 'மாஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். என்ன பாடம் என்று கேட்டார். கணக்கு என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மாவுக்கட்டில் அச்சு எடுத்தபின், நல்ல காலில் நிற்கச் சொல்லி முழங்காலிலிருந்து தரைவரை நாடா பிடித்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அக்காவும் அண்ணன் அளவு உயரம். பலகை மேல் ஏறினால் அவள் தலை எங்கேயோ இருக்கும். கால் எப்படியும் புதிதாகத்தானே செய்கிறார்கள், கொஞ்சம் கூட்டிச் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எதிர் பெஞ்சில் பெண்கள் இருந்ததால், மானஸ்தனைப் போல வேட்டியைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே குதிகாலைத் தூக்கினேன். சுவர்க் கம்பியைப் பிடித்தபடி, ஒற்றைக் காலின் விரல் நுனியில் நின்று, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். எழுபது பிள்ளைகளின் தேர்வு அறையில் காப்பியடிப்பவனை ஒரே பார்வையில் பிடிக்கிறவன் நான்.

மறுநாள் கால் வந்தது. சூடான பிளாஸ்டிக் குழாயை அச்சின் மேல் இழுத்துப் படியவைத்து, அடியில் ரப்பர்ப் பாதம் பூட்டியிருந்தார்கள். மாட்டிக்கொண்டு இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓர் அடி வைத்தேன். இடது பக்கம் மாடி ஏறியது, வலது பக்கம் பள்ளத்தில் இறங்கியது. பெஞ்சிலிருந்த ஒரு கிழவி, ஒட்டகம் எழுந்திருக்கும்போது இப்படித்தான் என்று பக்கத்தவளிடம் சொன்னாள்.

இக்ராம் சிரிக்கவில்லை. குறித்துவைத்த தாளைப் பார்த்தார். நாடாவை நீட்டி அது இழுபட்டிருக்கிறதா என்று மேஜையோடு ஒத்துப்பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருவது வருஷத்துல ஒன்றரை அங்குலம் எனக்குத் தப்புனதே இல்ல, மாஸ்டர்" என்றார். "கண்ணு போயிருச்சு போல. இனிமே வேற ஆளத்தான் அளக்க விடணும்."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. குதிகாலைத் தூக்கியதைச் சொன்னேன். ஏன் என்று கேட்டதும் பலகை, அக்கா, அண்ணன் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது மூன்றாம் வகுப்புப் பையனின் சாக்குப்போல இருந்தது.

அவர் காலைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஒத்தக் கால நீட்டுனா ஒசரமா ஆவீங்க? சாஞ்சுதான் போவீங்க. கணக்கு வாத்தியாருக்கு இது தெரியாதா?" என்றார். "ஒசரம் வேணும்னா அந்த நல்ல காலையும் வெட்டிட்டு வாங்க, மாஸ்டர். ஒரு முழம் கூட்டித் தர்றேன், காசு வேணாம்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கிழவிக்கு இருமலே வந்துவிட்டது. ஒன்றரை அங்குலத்தை அறுத்தெடுத்து, பாதத்தை மறுபடி பூட்டினார். கம்பியைப் பிடிக்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கச் சொல்லி, அப்படியே நூறு எண்ணவைத்தார். எண்பதில் ஆடினேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். சாயங்காலம்வரை இதேதான்.

மாய்ரா அன்று வாசலில் பெண்கள் அண்ணன் தம்பிமாரைப் பாடினார்கள். அக்கா பலகை மேல் நின்றாள். அவளும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் சுன்ரியைத் தூக்கினேன். என் கை எட்டியது அவள் நெற்றிவரைதான். துணி தலைக்குப் போகாமல் முகத்தில் ஜன்னல் திரைபோலத் தொங்கியது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அக்கா பலகையை விட்டுக் கீழே இறங்கினாள். கூடாது கூடாது என்று அவள் மாமியார் தடுத்தும் கேட்கவில்லை. நான் துணியைச் சரியாக இழுத்துப் போர்த்தினேன்.

"மூத்தவ கல்யாணத்துல பெரியவரு போத்துன கையோட பந்திக்கு ஓடிட்டாரு, பசின்னு" என்றாள், துணிக்குள்ளிருந்து. "நீ கொஞ்சம் நில்லுடா."

நின்றேன். பாட்டு முடிந்து பெண்கள் உள்ளே போனார்கள். அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, ஒரு வருடமாக எங்கள் முன்னால் அழாததையெல்லாம் அழுதாள். சாய்வதற்கு அவள் ரொம்பக் குனிய வேண்டியிருந்தது.