பின்சீட்டைப் பார்த்தவர்

ஆரணியில் நான் வேலை பார்க்கும் பைக் ஷோரூமுக்கு ஒரு பட்டு நெசவாளர் வந்தார். ஒடிசலான உடம்பு, புதிதாகச் சாயம் பூசிய மீசை. நெடுந்தூரம் ஓட்டும் குரூசர் வண்டி வேண்டும் என்றவர், ஒவ்வொரு வண்டியிலும் பின்சீட்டில்தான் ஏறி உட்கார்ந்து பார்த்தார்.

“நீ படிச்ச புள்ள, சொல்லு தம்பி. நடுவழியில பேஜார் பண்ணாதில்ல?”

“பண்ணாதுங்க. எங்க போறீங்க?”

“பூனா. சண்ட போட்டுகினு போன பையன் அங்க கீறான்.”

ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நன்றாகத்தான் போனார். தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே வந்ததும், தறியில் மிதிகட்டைகளை மிதிப்பதுபோல அவர் கால்கள் கியரையும் பிரேக்கையும் மாறி மாறி மிதித்தன. வண்டி துள்ளி, மாட்டை உரசிக்கொண்டு நின்றது.

“ஐயா, இது தறி இல்லீங்க. ரயில்லயே போயிடுங்களேன்.”

“ரயில்ல போனா, வீட்டுக்கு வாடான்னு கெஞ்சணும். வண்டின்னா ‘ஏறுடா’ன்னா போதும்.”

இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பழகிவிட்டு வரச் சொல்லி அனுப்பிவைத்தேன். நான் விடுப்பில் இருந்த நாளில் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் சர்வீசுக்கு அவர் இன்னும் வரவில்லை. போன் செய்து கேட்கலாம். யார் எடுப்பார்களோ என்ற பயத்தில் செய்யாமலே இருக்கிறேன்.