சவிரி கேட்காத பாட்டு

அந்த மெட்டு என்னுடையது அல்ல. நான் அதைத் திருடினேன்.

எங்கள் தீவுப் பக்கத்துச் செத்தவீடு எதற்காவது நீங்கள் வந்திருந்தால் அதைக் கேட்டிருப்பீர்கள். பெட்டியை மூடுகிற நேரத்தில் பெண்கள் தொடங்குவார்கள், பிறகு ஆண்களும் சேருவார்கள். நெடுந்தீவில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் தொடங்கிய பாட்டு அது. அல்லைப்பிட்டிக்குப் போயிற்று. மடத்துவெளியில் ஒரு சைவக்காரர் வீட்டுச் சாவுக்கு பாண்ட் வாத்தியக்காரர் அதை வாசித்துக்கொண்டு போனார்களாம். கனடாவிலும் பாடுகிறார்களாம். எங்கே பாடினாலும், மெட்டுப் போட்டவர் நெடுந்தீவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் என்று என்னைத்தான் சொல்கிறார்கள்.

உண்மையில் அதைச் செய்தவர் கடலுக்கு அப்பால், எங்கோ ஒரு தேசத்தில், கிற்றாரும் நீண்ட தலைமயிருமாய் மேடை மேடையாய்ப் பாடித் திரிந்த ஒரு றொக் பாடகர். உலகம் அறிந்த பெயர். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. களவெடுத்தவனுக்கு வீட்டுக்காரரின் பெயரைச் சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் வலைக்கு இப்பால் முழந்தாளிட்டு எத்தனையோ சின்னப் பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்களால் பாவம் பொறுக்க முடியாது என்பதால்தானோ என்னவோ.

அது போர்க்காலம். மின்சாரம் இல்லை, பற்றறி கிடைக்காது. கப்பலில் வேலை செய்த என் மச்சான் விட்டுப்போன ஒரு சின்ன கசற் பெட்டியும், அந்தப் பாடகரின் ஒரேயொரு கசற்றும் என்னிடம் இருந்தன. பெட்டியின் ஸ்பீக்கர் செத்துவிட்டது. காதில் கொழுவுகிற போன் மட்டும் வேலை செய்தது, அதுவும் ஒரு காது. அந்த ஒற்றைக் காதுக்குள்தான் உலகம் எனக்கு வந்து சேர்ந்தது.

என் கூட்டாளி சவிரியிடம் சைக்கிள் இருந்தது. அதன் டைனமோவில் இருந்து வயர் இழுத்து கசற் பெட்டியில் கொழுவுவோம். கரையோரம், கல்வேலியின் நிழலில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, அவன் ஏறியிருந்து பெடலை உழக்குவான். நான் மணலில் இருந்து கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த மாலைகளை எப்படிச் சொல்வேன்... ஒரு காதில் கடலும் சைக்கிள் சில்லின் இரைச்சலும். மற்றக் காதில் அந்தக் குரல். ஒரு சொல் விளங்காது. ஆனாலும் யாரோ என்னை மெல்லத் தூக்கி நீருக்கு மேலே கொண்டு போவது போல இருக்கும். சவிரி உழக்கிக்கொண்டே இருப்பான், சைக்கிள் ஓரடி நகராது, நான் மட்டும் எங்கெங்கோ போய் வருவேன்.

"எப்பிடியடா இருக்கு?" என்று கேட்பான்.

"சொல்லேலாதடா."

"நானும் ஒருக்காக் கேப்பமே. நீ இறங்கி உழக்கன்."

"இது முடியட்டும்."

முடியும். உடனே அடுத்த பாட்டுத் தொடங்கும். அது முடிகிறபோது அவன் வலை கொண்டு போகிற நேரம் வந்துவிடும். நாளைக்கு என்பேன். நாளையும் அவன்தான் உழக்கினான். நான் ஒரு நாள்கூட இறங்கவில்லை... ஒரு நாள்கூட! வீட்டுக்குப் போகிற வழியில் முணுமுணுத்துக் காட்டுவேன், அவ்வளவுதான். அவனுக்கு அந்தப் பாட்டு என்பது என் முணுமுணுப்பும் என் முகமும்தான்.

பிறகு ஒருநாள் கடலுக்குப் போனவன் வரவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் பலர் வரவில்லை. புதைக்க உடலும் கிடைக்கவில்லை.

தாய் தகப்பன் இல்லாமல் அவனை வளர்த்தவர் தமக்கை றீற்றா அக்கா. முப்பத்தோராம் நாள் பூசைக்கு முன்னர் என்னிடம் வந்தார்.

"அவனுக்கெண்டு ஒரு பாட்டுச் செய்து தாரும் தம்பி. மண் போடவும் குடுத்து வைக்கேல்லை. பாட்டாவது இருக்கட்டும்."

கோயிலில், காலால் மிதித்து வாசிக்கிற அந்தப் பழைய ஆர்மோனியத்தின் முன்னால் நாள்கணக்கில் இருந்தேன். எனக்குள் ஒன்றுமே இல்லை. விரல்கள் தாமாகவே அந்த அந்நிய மெட்டுக்குப் போயின. நான் தடுக்கவில்லை. அதன் மேல் தமிழ்ச் சொற்களை வைத்தேன், கடல் என்றும் கரை என்றும். பூசையில் பாடி முடித்ததும் அக்கா முன்னாலிருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"நீர் போட்ட மெட்டோ தம்பி?"

"ஓம் அக்கா."

ஒரு ஓம். அதை ஏன் சொன்னேன்? தம்பியைப் பறிகொடுத்தவரிடம் இது கசற்றில் கேட்டது என்று எப்படிச் சொல்வது என்று பல காலம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் உண்மை.

சென்ற வருடம் அந்தப் பாடகர் இறந்துபோனார். போன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அவர் பாட்டுகளைத் தேடித் தேடிப் போட்டார்கள். அந்த நாட்களில் றீற்றா அக்கா யாழ்ப்பாணம் போய்விட்டு வந்த கையோடு நேரே என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தம்பி, ஒரு வெள்ளைக்காரன் உம்மட பாட்டைக் களவெடுத்துப் போட்டான்."

அக்கா மூச்சு விடாமல் தொடர்ந்தார்.

"குறிகட்டுவானிலயிருந்து கடலால வரேக்க லோஞ்சுக்குள்ள கேட்டனான். கொழும்புப் பெடியள் போனில போட்டுக்கொண்டு வந்தவங்கள். சொல்லுத்தான் இங்கிலீசு. மெட்டு அச்சொட்டா எங்கட தம்பீன்ர பாட்டு. ஆனா அரைகுறையாத்தான் எடுத்திருக்கிறான். மூண்டாவது அடியில ஒரு இறக்கம் வருமெல்லே, அது அதில இல்லை. அந்த இடத்தின்ர அருமை களவெடுத்தவனுக்குத் தெரியேல்லை."

"விடுங்கோ அக்கா. அந்த மனிசன் செத்துப்போச்சு."

அக்காவின் கோபம் அப்படியே அடங்கிற்று. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"செத்துப்போனாரே? நான் தெரியாமல் பேசிப்போட்டன்."

அன்று பின்னேரம் அந்தப் பாட்டை என் போனில் தேடி எடுத்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டு காதாலும் கேட்டேன். சொற்களுக்கு அர்த்தமும் பார்த்தேன். தான் விற்றுவிட்ட ஒரு பழைய காரை நினைத்து அந்த மனிதர் ஏங்குகிறார்! ஒரு காருக்காகப் பாடியதை வைத்து எத்தனை பேரை நாங்கள் அடக்கம் செய்திருக்கிறோம் என்று நினைத்துச் சிரித்தேன்.

மூன்றாவது அடி வந்தது. குரல் உயர்ந்தது. இறங்கவில்லை. நேராய், அழகாய், மேலேயே போயிற்று.

அந்த இறக்கத்தைப் பாடகரின் மேதைமை என்றல்லவா இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்... தீவெல்லாம் அந்த இடத்தில்தானே உருகி அழுகிறது. அதைப் பாடகர் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. குரல் உயர்கிற அந்த இடத்தில் என் முகம் மாறும். அதைப் பார்க்கத்தான் சவிரி ஒவ்வொரு முறையும் உழக்குவதை விட்டுத் திரும்புவான். சில் சோரும், கசற் மெதுவாகும், பாட்டு ஒரு கணம் கீழே இறங்கும். "எப்பிடியடா இருக்கு?" என்பான். பிறகு மறுபடி மிதிப்பான், பாட்டும் எழும்பும்.

பாட்டு முழுவதிலும் இரவல் இல்லாதது அந்த இறக்கம் ஒன்றுதான். அது அவனுடையது. அதையும் என் பெயரில்தான் வைத்திருக்கிறேன்.

கார்த்திகையில் மரித்தவர்களுக்கான பூசை வந்தது. ஆர்மோனியத்தின் முன்னால் இருந்தேன். தொடங்குவதற்குச் சற்று முன் அக்கா என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பாட்டுக்காரரையும் சேத்து நினைச்சு வாசியும் தம்பி. பாவம். ஒருக்காக் கேட்டிருந்தால் குடுத்திருப்பம்தானே."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா கண்ணை மூடிவிட்டார். முகத்தில் அப்படி ஒரு அமைதி... அதை உடைக்க எனக்குத் துணிவு வரவில்லை. அல்லது இப்போதும் அந்த ஓம் எனக்குத் தேவைப்படுகிறதோ?

காலால் மிதித்தேன். மூன்றாவது அடியில் கோயில் முழுவதும் ஒன்றாய் இறங்கியது. அக்காவின் குரல் அந்த இடத்தில் உடைந்து, பிறகு எழும்பியது. என் கால் மிதித்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு சவிரி அடிக்கடி வருகிறான். கனவில் கடல் வற்றிக் கிடக்கிறது, நடுவில் சைக்கிள் ஸ்ராண்டில் நிற்கிறது. அவன் உழக்குகிறான். போன் என் காதில் இருக்கிறது. மூன்றாவது அடியில் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான்.

"இப்ப நான் கேக்கட்டோ?" என்கிறான்.

எல்லாம் எனக்குத் தெரியும்... அவன் வரமாட்டான் என்று தெரியும், இது கனவு என்றும் தெரியும். காதிலிருந்து கழற்றிக் கொடுக்கக் கையைத் தூக்குகிறேன்.

அப்போதும் என் வாய்தான் முந்திக்கொள்கிறது.

"இது முடியட்டும்."